உயர்கல்விச் சீர்திருத்தம் என்றால் என்ன? தில்லிப் பல்கலைக்கழகத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டால், தில்லியின் ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் ஜனக்புரியிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் புதுப் புதுச் சொற்கள் புழங்கத் தொடங்கிவிடும்: சியுஇடி (பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு), நான்கு ஆண்டு ஆனர்ஸ், கிரெடிட், மைனர் (துணைப் பாடம்), அபார் எண் (மாணவர் அடையாள எண்). ஒவ்வொன்றும் ஒரு சீர்திருத்தத்தின் வழியாக வந்தது. இவற்றில் எது யார் போட்ட விதி, எது பிள்ளையின் அன்றாடத்தை உண்மையிலேயே மாற்றும் என்பது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நாட்டின் உயர்கல்வியைச் சீர்திருத்துவது என்பது செய்திகளில் ஒரே வேலைபோல் வரும். பிரித்துப் பார்த்தால் அதற்குள் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. அதிகாரம் யாரிடம் இருப்பது? பணம் யார் கொடுப்பது? யாரை எப்படிச் சேர்ப்பது? என்ன பாடம், எத்தனை மணி நேரம்? யார் கற்பிப்பது? ஒரு கேள்விக்கான விடையை மாற்றினால் மற்ற நான்கும் அசையும். பெரும்பாலான சீர்திருத்தங்கள் முதல் நான்கில் ஏதோ ஒன்றில் தொடங்கி, ஐந்தாவதில் போய் முட்டிக்கொள்கின்றன. இந்தக் கட்டுரை கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: எந்த அறிவிப்பு வந்தாலும் அதைக் கல்லூரியின் டைம்டேபிள் வரைக்கும் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். அது நிற்குமா விழுமா என்பது அங்கேதான் தெரியும்.

அதிகாரம் யாரிடம்?

அரசியல் சட்டத்தில் கல்வி மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது மத்தியப் பட்டியலின் 66-ஆவது இனம். பல்கலைக்கழகங்களை நிறுவுவதும் ஒழுங்குபடுத்துவதும் மாநிலப் பட்டியலின் 32-ஆவது இனம். பொதுவாகக் கல்வி என்பது பொதுப் பட்டியலின் 25-ஆவது இனம். 1976-இல் 42-ஆவது திருத்தம் வரும்வரை அது மாநிலங்களிடம் இருந்தது. அதனால்தான் தில்லியில் ஒரு விதி வந்தால் நாடு முழுக்க ஒரே நாளில் நடைமுறைக்கு வருவதில்லை.

தில்லிப் பல்கலைக்கழகம் (டியு) 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவானது, மத்தியப் பல்கலைக்கழகம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொன்னால் டியு கேட்டாக வேண்டிய நிலை. மாநிலப் பல்கலைக்கழகங்களின் கதை வேறு. கர்நாடகம் 2021-22-இல் முதல் மாநிலமாக நான்கு ஆண்டு இளநிலைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆட்சி மாறிய பின் 2024-25-இல் மூன்று ஆண்டுப் பட்டத்துக்கே திரும்பியது. பெங்களூரில் இருக்கும் சித்தப்பா பிள்ளைக்கு மூன்று ஆண்டு, இங்கே நம் பிள்ளைக்கு நான்கு ஆண்டு என்று இருப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டுமே செல்லுபடியாகும் பட்டங்கள்.

ஒரே பல்கலைக்கழகம், ஐந்து மாற்றங்கள்

டியுவில் இளநிலைப் படிப்புகள் ஆண்டுத் தேர்வு முறையிலிருந்து செமஸ்டருக்கு மாறியது 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளில். அறிவியல் முதலில், மற்றவை அடுத்து. 2013-இல் நான்கு ஆண்டு இளநிலைத் திட்டம் வந்தது. 2014-இல் அது போயிற்று. 2015-இல் விருப்பத்தேர்வுடன் கூடிய கிரெடிட் முறை. 2022-இல் மறுபடியும் நான்கு ஆண்டு, புதுப் பாடச்சட்டகத்தோடு. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இத்தனை மாற்றம்.

இதில் 2013-இன் அனுபவம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. கணிதம் படிக்க வந்தவரோ, வரலாறு படிக்க வந்தவரோ, எல்லோரும் 11 அடிப்படைப் பாடங்களைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்று வைத்தார்கள். பள்ளியில் அதே பாடத்தை ஆழமாகப் படித்து வந்தவருக்கு அது எளிதாகிச் சலிப்புத் தட்டியது. தொட்டே பாராதவருக்குக் கடினமாக இருந்தது. ஒரே வகுப்பில் இந்த இருவரையும் வைத்துக்கொண்டு ஆசிரியர் என்ன செய்வார்? பாடத்திட்டம் எழுதவும் பாடநூல் தேடவும் கிடைத்த காலமோ சில மாதங்கள். 2014 ஜூனில், 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கையின் 10+2+3 அமைப்புக்கு இது பொருந்தவில்லை என்று சொல்லி, மூன்று ஆண்டுப் படிப்புக்கே சேர்க்கை நடத்தும்படி யுஜிசி உத்தரவிட்டது. ஏற்கெனவே ஓராண்டு முடித்திருந்த மாணவர்களின் படிப்பு நடுவழியில் மூன்று ஆண்டுக்குத் திருத்தப்பட்டது. திட்டத்தின் நோக்கம் நல்லதா கெட்டதா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஒரு தொகுதி மாணவர்கள் பட்ட சிரமத்துக்கு யாரும் ஈடு செய்யவில்லை. சீர்திருத்தம் பற்றிப் பேசும்போது முதலில் நினைவில் வைக்க வேண்டியது அவர்களைத்தான்.

கிரெடிட்: எல்லாவற்றுக்கும் அளவுகோல்

இன்றைய மாற்றங்கள் எல்லாம் கிரெடிட் என்ற அலகின்மேல் நிற்கின்றன. கணக்கு எளிது. வாரம் 1 மணி நேர விரிவுரை, செமஸ்டர் முழுக்க 15 வாரம் நடந்தால் 1 கிரெடிட். ட்யூட்டோரியல் என்ற சிறு குழு வகுப்புக்கும் இதே கணக்கு. ஆய்வகப் பணிக்கு மட்டும் 1 கிரெடிட்டுக்கு வாரம் 2 மணி, அதாவது செமஸ்டருக்கு 30 மணி.

ஐரோப்பாவில் 1999-இல் 29 நாடுகள் இத்தாலியின் போலோன்யாவில் ஒப்பந்தம் செய்துகொண்டதன் மையமும் இப்படியொரு பொது அலகுதான். அங்கே ஓராண்டுக்கு 60 கிரெடிட். அலகு பொதுவாக இருந்தால் மாணவர் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்ததை இன்னொன்றில் கணக்கில் சேர்க்கலாம். இந்தியாவில் 2021-இல், மாணவரின் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடிட் வங்கிக்கான விதிகள் வந்தது அதற்காகவே.

யுஜிசி சட்டகத்தில் குறைந்தபட்சம் ஓராண்டுக்கு 40, இரண்டு ஆண்டுக்கு 80, மூன்று ஆண்டுக்கு 120, நான்கு ஆண்டுக்கு 160 கிரெடிட். டியு ஒரு செமஸ்டருக்கு 22 என்று வைத்திருப்பதால் இங்கே கணக்கு 44, 88, 132, 176 என்று வரும்.

அந்த 22 எப்படி உருவாகிறது என்று முதல் செமஸ்டரை எடுத்துப் பார்ப்போம். சொந்தத் துறையின் மையப் பாடம் மூன்று, ஒவ்வொன்றும் 4 கிரெடிட்: 12. வேறு துறையிலிருந்து எடுக்கும் பொது விருப்பப் பாடம் ஒன்று: 4. மொழிப் பாடம் 2, திறன் பாடம் 2, விழுமியப் பாடம் 2. மொத்தம் 22.

தாளில் 22 என்றால் வாரத்தில் 22 மணி நேரம் என்று நினைத்துவிடக் கூடாது. இயற்பியல் மாணவர் ஒருவரின் மையப் பாடம் ஒன்றில் 2 கிரெடிட் விரிவுரை, 2 கிரெடிட் ஆய்வகம் என்றால் அது வாரத்துக்கு 2+4, ஆறு மணி நேரம். மூன்று பாடமும் அப்படியே என்றால் 18 மணி. திறன் பாடத்தின் 2 கிரெடிட்டும் செய்முறையாக இருந்தால் 4 மணி. மற்றவற்றையும் கூட்டினால் 30 மணியைத் தொட்டுவிடும். மொழி, திறன், விழுமியப் பாடங்களில் பல துறை மாணவர்களும் கலந்து உட்கார்வதால் கல்லூரி முழுவதற்கும் பொதுவான நேரம் ஒதுக்க வேண்டும். விளைவு, காலை எட்டரைக்கு ஒரு வகுப்பு, அடுத்தது பதினொன்றரைக்கு, கடைசி நாலரைக்கு என்று இடைவெளி விழும். ஜனக்புரியிலிருந்து மெட்ரோவில் விஸ்வவித்யாலயா நிலையத்துக்கு வந்துபோகும் மாணவருக்கு, பாதி நாள் நூலகத்திலும் நடைபாதையிலும் கழியும். கிரெடிட் எண்ணிக்கை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. டைம்டேபிளைப் பார்த்தால் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2015 திட்டத்தில் ஒரு மையப் பாடம் 6 கிரெடிட். இப்போது 4. புதிதாக வந்த சிறு பாடங்களுக்கு இடம் எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. பல துறை அறிமுகம் வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். முதல் மூன்று ஆண்டுகளில் சொந்தத் துறையின் ஒவ்வொரு பாடத்துக்கும் கிடைக்கும் நேரம் அந்த அளவுக்குக் குறைகிறது என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் அந்த ஆசையை மட்டும் விளம்பரப்படுத்துவது சரியில்லை.

சேர்க்கையை மாற்றினால் நாட்காட்டி மாறும்

2021 வரை டியு சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து நடந்தது. வெவ்வேறு வாரியங்கள் வெவ்வேறு தாராளத்தில் மதிப்பெண் போட்டதால் கட்-ஆஃப் ஏறிக்கொண்டே போய், 2021-இல் சில கல்லூரிகளில் சில பாடங்களுக்கு 100 விழுக்காட்டில் போய் நின்றது. அந்த நிலை நீடிக்க முடியாது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. 2022-இல் சியுஇடி வந்தது.

இந்தத் தேர்வு இப்போது கணினியில் மட்டும். 2025 முதல் ஒரு தாளுக்கு 60 நிமிடம், 50 கேள்வி, எல்லாமே கட்டாயம். சரியான விடைக்கு 5, தவறுக்கு 1 கழிவு. அதிகபட்சம் ஐந்து தாள்கள். 13 மொழிகளில் தமிழும் உண்டு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பில் தமிழை ஒரு பாடமாகப் படித்தவர், டியுவின் பல ஆனர்ஸ் படிப்புகளுக்கு மொழித் தாளாகத் தமிழையே எழுதலாம். ஆங்கிலத்தைவிடத் தமிழில் வலுவாக இருக்கும் பிள்ளைக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் சேர விரும்பும் படிப்பின் அந்த ஆண்டுத் தகுதி நிபந்தனையைப் பார்த்துவிட்டுத்தான் தாள்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறிப்பிட்ட பாடத்தைக் கட்டாயம் கேட்கும் படிப்புகள் இருக்கின்றன. தவறான தாள்களை எழுதிவிட்டு எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் அந்தப் படிப்புக்கு அது உதவாது.

சேர்க்கை முறை மாறியதன் பக்கவிளைவு நாட்காட்டியில் வெளிப்பட்டது. 2022-இல் சியுஇடி முடிவு செப்டம்பர் நடுவில் வந்தது. முதலாண்டு வகுப்புகள் நவம்பர் 2-ஆம் தேதிதான் தொடங்கின. 2024-இல் ஆகஸ்ட் 29. மேலே சொன்ன கிரெடிட் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: 15 வாரம் நடந்தால்தான் 1 மணி நேரம் 1 கிரெடிட் ஆகும். தொடக்கம் தள்ளிப்போனால் வாரங்களை நெருக்க வேண்டும், விடுமுறையை வெட்ட வேண்டும், முதல் செமஸ்டர் முடிந்த கையோடு இரண்டாவதைத் தொடங்க வேண்டும். சேர்க்கையைத் திருத்தியவர்கள் ஓர் அலுவலகத்தில், பாடத்தைத் திருத்தியவர்கள் இன்னோர் அலுவலகத்தில். இடையில் அகப்பட்டுக்கொண்டவர் கல்லூரியின் முதல் செமஸ்டர் மாணவர். 2025-இல் வகுப்புகள் ஆகஸ்ட் 1-ஆம் தேதியே தொடங்கியது நல்ல முன்னேற்றம்.

ஆசிரியர் கணக்கு

யுஜிசியின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் நேரடியாகக் கற்பிக்க வேண்டும். இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் 14 மணி. இதை வைத்து ஒரு மாதிரிக் கணக்குப் போடலாம்.

ஒரு துறை, ஓர் ஆனர்ஸ் பிரிவு, ஆண்டுக்கு 50 மாணவர். ஒரு மையப் பாடத்துக்கு 3 மணி விரிவுரை. 1 மணி ட்யூட்டோரியலுக்கு மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தால் ஆசிரியருக்கு 2 மணி. ஆக ஒரு பாடம் என்பது ஆசிரியர் நேரத்தில் 5 மணி. ஒரு செமஸ்டருக்கு மூன்று மையப் பாடம். மூன்று ஆண்டு மாணவர்களும் ஒரே சமயத்தில் கல்லூரியில் இருப்பதால் ஒன்பது பாடம். 45 மணி நேரம். மூன்று ஆசிரியர் வேண்டும்.

இப்போது நான்காம் ஆண்டைச் சேருங்கள். ஒரு மையப் பாடமும் மூன்று விருப்பப் பாடமும், எல்லாம் துறைக்குள்ளேயே என்று வைத்தால், இன்னும் 20 மணி. அதுவே ஒரு முழு ஆசிரியருக்கு மேல். இதற்கு வெளியே 6 கிரெடிட் ஆய்வேடு அல்லது திட்டப்பணி. 30 பேர் நான்காம் ஆண்டில் தங்கினால் மூன்று ஆசிரியருக்குத் தலைக்கு 10 ஆய்வேடு. ஒவ்வொன்றுக்கும் வாரம் அரை மணி ஒதுக்கினாலே 5 மணி. விருப்பப் பாடங்களில் உண்மையான விருப்பம் வேண்டுமானால் மூன்றுக்குப் பதில் குறைந்தது ஐந்து பாடம் நடத்த வேண்டும். மணி நேரம் இன்னும் ஏறும். பணியிடம் ஏறாவிட்டால் என்ன நடக்கும்? விருப்பப் பாடங்கள் சத்தமில்லாமல் ஒன்றாகச் சுருங்கும். ஆய்வேடு என்பது கடைசி வாரத்தில் தொகுத்துக் கொடுக்கும் கட்டுரையாகிவிடும். கூடுதல் மணி நேரங்களைத் தற்காலிக ஆசிரியர்கள் சுமப்பார்கள். டியுவில் நீண்ட காலம் 120 நாள் பணி ஆணையை மறுபடி மறுபடி புதுப்பித்துக்கொண்டே பாடம் நடத்தியவர்கள் ஏராளம். அடுத்த செமஸ்டர் இருப்போமா என்று தெரியாதவரிடம் ஓராண்டு ஆய்வுக்கு வழிகாட்டச் சொல்வது அவருக்கும் அநியாயம், மாணவருக்கும் அநியாயம்.

மாணவர் எண்ணிக்கை ஏறும்போதும் இதே சிக்கல்தான். பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடஒதுக்கீடு தந்த சட்டம் 2006-இல் வந்தபோது மற்றவர்களின் இடம் குறையாதிருக்க மொத்த இடங்களை 54 விழுக்காடு கூட்டத் திட்டமிட்டார்கள். 2019-இல் பொருளாதாரத்தில் பின்தங்கியோர் ஒதுக்கீட்டுக்காக மொத்த இடங்களை மேலும் 25 விழுக்காடு கூட்டினார்கள். இந்தக் கணக்கில் 40 பேர் இருந்த வகுப்பு 62 ஆகி, பிறகு 77 ஆகும். புதிதாக உள்ளே வந்த பிள்ளைகளுக்கு அந்த இடம் உரிமையாக வந்தது. அவர்கள் உட்கார அறையும், கற்பிக்க நிரந்தர ஆசிரியரும், பயன்படுத்த ஆய்வகமும் அதே வேகத்தில் வந்திருக்க வேண்டும். அப்படி வராதபோது பழி விழுவது மாணவர்மேல் என்பதுதான் வேதனை.

பணம்

கல்விக்கு நாட்டு வருமானத்தில் 6 விழுக்காடு செலவிட வேண்டும் என்றது 1964-66 கோத்தாரிக் குழு. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6-ஐத்தான் இலக்காகச் சொல்கிறது. இரண்டுக்கும் இடையில் எத்தனை ஆண்டுகள் கடந்தன என்று பார்த்தாலே நிலைமை புரியும். 2017-இல் ஹெஃபா என்ற நிதி முகமை வந்தபின், முன்பு மானியமாக வந்த கட்டடப் பணம் கடனாக வரத் தொடங்கியது. நிறுவனத்தின் வகையைப் பொறுத்து அசலில் ஒரு பங்கை நிறுவனமே தன் வருவாயிலிருந்து கட்ட வேண்டும். கல்லூரியின் சொந்த வருவாய் என்றால் அதில் பெரும்பகுதி மாணவர் கட்டணம். இங்கிலாந்தில் இந்தப் பாதை எவ்வளவு வேகமாகப் போகும் என்று பார்த்தாயிற்று: மாணவர் கட்டணம் 1998-இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு, 2006-இல் 3,000, 2012-இல் 9,000 வரை. ஜெர்மனியின் சில மாநிலங்கள் கட்டணம் வசூலிக்கத் தொடங்கி, எதிர்ப்புக்குப் பின் 2014-க்குள் முழுதும் கைவிட்டன. ஆக இது திரும்ப முடியாத பாதை என்று சொல்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

நடுவில் நிறுத்தலாமா, நான்காம் ஆண்டு படிக்கலாமா?

யுஜிசி சட்டகத்தில் ஓராண்டில் நிறுத்தினால் சான்றிதழ், இரண்டாண்டில் டிப்ளமோ, மூன்றில் பட்டம், நான்கில் ஆனர்ஸ். நிறுத்தியவர் மூன்று ஆண்டுக்குள் திரும்பி வந்து, மொத்தம் ஏழு ஆண்டுக்குள் முடிக்கலாம் என்பதும் அதே சட்டகம். குடும்பத்தில் திடீரென்று வருமானம் நின்றுபோகும் பிள்ளைக்கு இந்தக் கதவு பெரிய உதவி. ஆனால் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வுக்கும் எஸ்எஸ்சியின் பட்டதாரி நிலைத் தேர்வுக்கும் கேட்பது பட்டம். ஓராண்டுச் சான்றிதழும் ஈராண்டு டிப்ளமோவும் அங்கே செல்லாது. வசதி இருக்கும்வரை மூன்றாம் ஆண்டுக்கு முன் நிறுத்த வேண்டாம்.

நான்காம் ஆண்டு யாருக்கு? ஆய்வுப் பக்கம் போக நினைப்பவருக்கும், ஓராண்டு முதுநிலைக்கோ வெளிநாட்டுக்கோ போக விரும்புபவருக்கும் பயன் உண்டு. யுஜிசி சட்டகத்தில் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸுக்கு முதல் ஆறு செமஸ்டரில் 75 விழுக்காடு வேண்டும். அரசுத் தேர்வு எழுதப்போகிறவர், ஆசிரியர் பயிற்சிக்கோ சட்டத்துக்கோ போகிறவர் மூன்றோடு வெளியேறினால் ஓராண்டுச் செலவும் காலமும் மிச்சம்.

சேரும் முன் கல்லூரியில் கேட்க வேண்டியவை

விளம்பரக் கையேட்டை விட்டுவிட்டு, நடப்புச் செமஸ்டரின் டைம்டேபிளைக் கேளுங்கள். பல கல்லூரிகள் இணையதளத்தில் போட்டிருக்கும். அதில் பார்க்க வேண்டியது நம் துறையில் போன செமஸ்டர் உண்மையில் எத்தனை விருப்பப் பாடம் நடந்தது என்பதை. கையேட்டில் பத்து இருக்கும், நடந்தது இரண்டாக இருக்கலாம். நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், நான்காம் ஆண்டில் ஒருவருக்கு எத்தனை ஆய்வேடு என்று துறையில் நேரில் கேட்கலாம். சீனியர் மாணவர்கள் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள்.

மொழிப் பாடம் நம் பிள்ளைகளுக்குத் தனியாகப் பார்க்க வேண்டியது. அந்த 2 கிரெடிட்டை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளிலிருந்து தேர்ந்தெடுக்கலாம் என்பது விதி. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. ஆனால் கல்லூரியில் தமிழாசிரியர் இல்லையென்றால் வகுப்பு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்து வந்த பிள்ளை, வேறு வழியின்றி இன்னொரு மொழியில் போய் உட்கார நேரும். விருப்பப் பட்டியல் நிரப்பும் முன்பே, எந்தக் கல்லூரியில் தமிழ் வகுப்பு நடக்கிறது என்று கேட்டு வையுங்கள். ஆசிரியர் இல்லாத இடத்தில், சேர்ந்த மாணவர்கள் கையெழுத்திட்டு முதல்வரிடம் மனு கொடுங்கள். எத்தனை பேர் கேட்டார்கள் என்பது எழுத்தில் இருந்தால்தான் பணியிடம் கோர ஓர் ஆதாரம் கிடைக்கும்.

கடைசியாக, சேர்ந்தவுடன் 12 இலக்க அபார் எண்ணைப் பெயர், பிறந்த தேதி இரண்டும் பள்ளிச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்படி பதிவு செய்யுங்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் நம் வழக்கமும், குடும்பப் பெயரைக் கேட்கும் வடநாட்டுப் படிவமும் ஒத்துப்போகாமல் கிரெடிட் கணக்கில் ஏறாமல் நிற்பதற்கு இடம் உண்டு. ஒவ்வொரு செமஸ்டர் முடிவு வந்த பிறகும் டிஜிலாக்கரில் 22 கிரெடிட்டும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் மதிப்பெண் பட்டியலின் நகலோடு கல்லூரித் தேர்வுப் பிரிவில் உடனே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.